மண் கேட்காத ஆர்க்கிட்

மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடியைப் புல்லுருவி என்று நினைத்து சிலர் பிய்த்துப் போடுகிறார்கள். அது தப்பு. புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டு சத்தை உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேர் பட்டைக்கு மேலேயே நிற்கும். மழையிலும் பனியிலும் கிடைக்கும் தண்ணீரே அதற்குப் போதும். மரத்திடம் அது கேட்பது உட்கார இடம் மட்டும்தான்.

நம்ம சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டில், 1963-இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. "அங்கே குளிர், நம்ம ஊர் வெயிலில் பூக்குமா?" என்று கேட்பீர்கள். டென்ட்ரோபியம், வாண்டா வகைகள் சூடு தாங்கும்.

வளர்க்கும் முறை:

1. நர்சரிச் செடியையே வாங்கணும். மலையில் பறிக்கக் கூடாது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். காட்டில் ஒருவகைப் பூஞ்சை துணை இருந்தால்தான் முளைக்கும். அதனால் ஒன்றைப் பறித்தால் இன்னொன்று வருவது கஷ்டம்.

2. ஓட்டையுள்ள தொட்டியில் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போடுங்கள். மண் போட்டால் காற்று இல்லாமல் வேர் அழுகிவிடும்.

3. காலை வெயில் நல்லது. உச்சி வெயிலில் மரநிழல் வேண்டும்.

4. வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் தெளியுங்கள். பச்சையாக இருந்தால் வேண்டாம். வேரைச் சுற்றிய பஞ்சு போன்ற உறை நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை தெரியும்.

மல்லிகை ஒரே நாளில் வாடிவிடும். ஆர்க்கிட் பூ வாரக்கணக்கில் நிற்கும். ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலாகூட ஒரு ஆர்க்கிட் காய்தான்!

இனி மரத்தில் ஒட்டிய செடியைக் கண்டால், பிய்ப்பதற்கு முன் வேரைப் பாருங்கள்.