மாசி, பங்குனியில் திம்பம் ஏறுவோர் கவனத்துக்கு

பஞ்சாங்கத்தில் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைச்சாலையில் மாசி பாதியிலேயே வந்துவிடும். இலையை மொத்தமாக உதிர்த்துவிட்ட புரச மரங்களில் கருந்தவிட்டு மொட்டுகள் விரிந்து, கிளிமூக்குபோல வளைந்த செந்நிறப் பூக்கள் கிளை கிளையாகத் தெரியும். முள்ளிலவம்பூ உள்ளங்கை அகலம். தடித்த 5 இதழ்கள், அடியில் தேன். மைனாவும் கரிச்சானும் காலையிலேயே கூடிவிடும்.

உதிரும் இலவம்பூவைத் தின்னப் புள்ளிமான்கள் சாலையோரம் வரும். பூ கொட்டிக் கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் குறுக்கே பாய்ந்தால், பின்னால் இன்னும் வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

27 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. இது புலிகள் காப்பகம். ஓட்டுபவருக்குப் பூ பார்க்கும் பாக்கியம் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை வெளியூர் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் பொழுதோடு கிளம்புவதே நல்லது.

இலை உதிர்ந்ததால்தான் இத்தனை பூ கண்ணில் படுகிறது. அந்த இலையெல்லாம் இப்போது தரையில் சருகாகக் கிடக்கிறது, கூடவே காய்ந்த உண்ணிச்செடிப் புதர். அணையாத ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே பருவத்தில்தான். புகைப்பதை ஊர் போய்ச் சேரும்வரை தள்ளிப்போடுங்கள். சமையல் அடுப்பு, கற்பூரம் எதுவும் சாலையோரம் வேண்டாம். வழியில் கருகிய நீண்ட பட்டைகள் தெரிந்தால் பதறாதீர்கள். தீ பரவாமலிருக்க வனத்துறையே முன்கூட்டி எரித்துவைக்கும் தடுப்புக்கோடு அது. புகை எழுவதைக் கண்டால் இறங்கிப் போய்ப் பார்க்காமல், அடுத்த சோதனைச்சாவடியில் சொல்லுங்கள்.

குட்டைகள் வற்றுவதால் யானைகள் தண்ணீர் தேடிச் சாலையைக் கடக்கும், குறிப்பாக மாலையில். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: தாளவாடியிலிருந்து கரும்பு ஏற்றிவரும் லாரிகள். பாரத்தைக் குறைக்க ஓட்டுநர்கள் வீசிய கட்டுகளைத் தின்று பழகிய யானைகள் இப்போது லாரியை மறித்தே கேட்கின்றன. யானை மேல் குற்றமில்லை. முன்னால் கரும்பு லாரி நின்றால் ஒட்டி நிற்காதீர்கள். பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், செல்போனோடு இறங்கவே வேண்டாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் இதே கதையில்தான் முடியும்.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம். அந்த வாரம் அடிவாரச் சாலையில் நடந்துவரும் பக்தர்கள் கூட்டம் நிறைந்திருக்கும். சாமி கும்பிட வராதவர்கள் பயணத்தை நாலு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம். புரசு அதுவரை பூத்திருக்கும்.