தர்மசங்கடம் என்றால் என்ன? (இரண்டு பழைய படங்கள் சொல்லும் பாடம்)



"பழைய படமா? கறுப்பு வெள்ளையா? செம போர்ப்பா!" என்று நம் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பயப்படாதீர்கள், இது பரீட்சையில் வராது.

முதலில் ஒரு சொல். பஸ்ஸில் சில்லறை இல்லாவிட்டால்கூட "தர்மசங்கடமாப் போச்சு" என்கிறோம். உண்மையில் இரண்டு தர்மங்கள் மோதி, ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடைந்துவிடும் என்ற நிலைக்குத்தான் அந்தப் பெயர். நல்லதா, கெட்டதா என்று கேட்டால் பதில் சுலபம். இந்த நல்லதா, அந்த நல்லதா என்று கேட்டால்? அங்கேதான் மனுஷன் திணறுகிறான். சில பழைய படங்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. இரண்டு உதாரணம் பார்ப்போம். கதை முடிவையும் சொல்லப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

நம்ம ஊர்க்காரர்

இரண்டு படத்திலும் நடித்தவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். 1928-ல் பிறந்த அவர் சிறு வயதில் வளர்ந்தது நம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினால் பாலக்கரைக்குப் பக்கம்தான். கட்டபொம்மன் நாடகம் பார்த்து நடிப்பு ஆசை வந்து, சின்னப் பையனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அந்த நாள் (1954)

ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம். இரண்டாம் உலகப் போர் நேரம். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது உண்மைச் சம்பவம். கதை அதை ஒட்டியது. படம் ஆரம்பிக்கும்போதே ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுச் செத்துப்போகிறான். சுட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடைசியில் தெரிகிறது: ராஜன் ஜப்பானுக்கு நாட்டின் ரகசியங்களை விற்றவன். அவனைக் கொன்ற குண்டு, மனைவி உஷா (பண்டரிபாய்) கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து வந்தது. ஒரு பக்கம் தாலி, இன்னொரு பக்கம் நாடு.

'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆன நேரத்தில் சிவாஜி துரோகியாக நடிக்கத் துணிந்தார். படம் வந்த புதிதில் பெரிதாக ஓடவில்லை. ஆனால் இன்றும் பேசுகிறோம்.

தங்கப்பதக்கம் (1974)

மகேந்திரன் எழுதிய இந்தக் கதை முதலில் மேடை நாடகம். பிறகு பி. மாதவன் இயக்கத்தில் படமானது. எஸ்.பி. சௌத்ரி நேர்மையான போலீஸ் அதிகாரி. சிறுவயதிலேயே வழி தவறிய மகன் ஜெகனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவனோ அப்பா மீது வெறுப்போடு வளர்ந்து, கடைசியில் நாட்டுக்கே துரோகம் செய்யத் துணிகிறான். அப்பாவே சுடுகிறார். பதக்கம் கிடைக்கிறது, பிள்ளை இல்லை.

கவனித்தீர்களா? 1954-ல் குண்டடி பட்டவர் சிவாஜி, 1974-ல் சுடுபவரும் சிவாஜி! கன்றுக்குட்டிக்காகச் சொந்த மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையும் இதே சங்கடம்தான். இந்தியில் 'மதர் இந்தியா' (1957) படத்தில் தாயே மகனைச் சுடுகிறாள்.

ஏன் பழசாகவில்லை?

1. தப்பு செய்தவன் மனதையும் காட்டுகிறார்கள். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரம் ராஜனுக்கு. அது துரோகத்துக்குச் சாக்கு ஆகாது. ஆனால் 'இவனும் நம்மள மாதிரி ஒருத்தன்தானே' என்று நமக்குப் பகீர் என்கிறது.

2. சரியான முடிவுக்கும் விலை உண்டு. உஷாவும் சௌத்ரியும் ஜெயித்தார்களா, தோற்றார்களா? சொல்ல முடியாது.

3. உண்மை தெரிந்த பிறகும் கேள்வி தீரவில்லை. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்திலும் ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அங்கே உண்மை எது என்றே தெரியாது. 'அந்த நாள்' படத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் உஷா செய்தது சரியா என்பது நம் தலையில்தான் விழுகிறது.

எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டை நடந்தது. பாட்டி சொன்னார்: "உஷா செஞ்சது சரிதான்டி. ஆனா பெத்த புள்ளைய அப்பன் சுட்டத என்னால ஏத்துக்க முடியல." நான் விடவில்லை. "புருஷனைச் சுடலாம், புள்ளையைச் சுடக்கூடாதா பாட்டி?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேள்வி நியாயந்தான். மனசு கேக்கலியே" என்றார். 1974-ல் தியேட்டரில் பார்த்த படத்துக்குப் பாட்டி இன்னும் பதில் தேடுகிறார் பாருங்கள்!

நமக்கு ஒரு பயிற்சி

துப்பாக்கி எல்லாம் நமக்கு வேண்டாம். இதை யோசியுங்கள். உங்கள் உயிர்த்தோழி சொல்கிறாள்: "வீட்டுல கடன். அம்மாவால முடியல. அடுத்த மாசம் ஸ்கூலை விட்டுட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போறேன். டீச்சர்கிட்ட சொல்லிடாதே, சத்தியம் பண்ணு." நீங்களும் சத்தியம் செய்துவிட்டீர்கள். டீச்சரிடம் சொன்னால் ஏதாவது உதவி கிடைக்கலாம். ஆனால் அவள் இனி உங்களோடு பேசாமலே போகலாம். சொல்லாவிட்டால் சத்தியம் நிற்கும், அவள் படிப்பு நிற்காது. அம்மாவுக்கா, படிப்புக்கா என்று அவளுக்கும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது, மறக்காதீர்கள்.

என்ன செய்வீர்கள்? தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். 'சொல்வேன்', 'சொல்ல மாட்டேன்' என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். அந்த முடிவால் எதை இழப்பீர்கள் என்றும் எழுதினால்தான் முழு மார்க்!

— பதினோராம் வகுப்பு மாணவி