நுண்துளைக்குள் ஒரு போட்டி: பரவலும் வினையும்

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த செயலூட்டிய கரியில் ஒரு கிராம் எடுத்துக்கொள்வோம். அதன் நுண்துளைகளின் உட்சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். அதாவது, சுமார் 12 பூப்பந்துத் திடல்கள்! இத்தகைய கரியில் பல்லேடியம் போன்ற உலோகத்தைப் படியவைத்து வினையூக்கியாகப் பயன்படுத்துகின்றனர். ஆனால், அத்தனை பரப்பும் வேலை செய்கிறதா?

வினைபடும் மூலக்கூறுகள் துளைவழியே உள்ளே பரவ வேண்டும். வினை மிக வேகமானதாயின், அவை வாசலிலேயே தீர்ந்துவிடும். துகளின் நடுப்பகுதி சும்மா கிடக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்!

இப்போட்டியை 1939இல் அமெரிக்க வேதிப் பொறியியலாளர் எர்னஸ்ட் தீல் ஒரே எண்ணில் அடக்கினார். முதல்படி வினைக்கு, வேக மாறிலியைப் பரவல் கெழுவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, தட்டையான துகளின் பாதித் தடிப்பால் பெருக்குங்கள். விடை 0.3 என்றால் வினையூக்கி 97 விழுக்காடு பயன்படுகிறது. 10 என்றால் 10 விழுக்காடுதான்.

அப்படியானால் பொடியாக்கிவிடலாமே? ஆய்வுக்கூடத்தில் சரி. தொழிற்சாலைக் கலனில் பொடியை நிரப்பினால், வாயுவைச் செலுத்த மிகுந்த அழுத்தம் தேவைப்படும். ஆகவேதான் துளையிட்ட வளையங்களும், மேலோட்டில் மட்டும் உலோகம் படிந்த உருண்டைகளும் வந்தன.

இறுதியாண்டு ஆய்வு செய்யும் நண்பர்களே, கவனம்! பரவல் தடை மிகுந்த நிலையில் அளந்தால், கிளர்வு ஆற்றல் உண்மை மதிப்பில் ஏறக்குறைய பாதியாகவே தெரியும். துகளின் அளவைப் பாதியாக்கி மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு கிராமுக்கான வினைவேகம் கூடினால், நீங்கள் அளந்தது வினையை மட்டுமன்று, பரவலையும் சேர்த்துத்தான்.