சிறிய கடன் சங்கத்திற்குப் பெரிய துணை கல்வியே

பால்வெட்டி வாழும் குடும்பத்திற்குப் பணத்தேவை சம்பள நாளைப் பார்த்து வருவதில்லை. அடைமழையால் வெட்டு நின்ற வாரத்திலும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு உண்டு. மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களிலும் நோயும் நன்மை தீமைகளும் வந்தே தீரும். அவ்வேளையில் கடைக்கணக்கு ஏறுகிறது. வட்டிக்காரரின் வாசலும் திறந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மாற்றாகத் தோன்றியதே சிக்கனக் கடனுதவிச் சங்கம். ஒருவரையொருவர் அறிந்த மக்கள் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, அச்சேமிப்பிலிருந்தே தமக்குள் நியாயமான வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இத்தகைய சிறு சங்கங்களுக்கு எத்தகைய துணை வேண்டும், அத்துணை எங்குக் கிடைக்கும் என்பதை இப்பாடத்தில் காண்போம். துணை என்றவுடன் பலரும் பணத்தையே நினைப்பர். ஆயினும் சிறு சங்கங்கள் பலவற்றைத் தளரச் செய்வது பணக்குறைவன்று; கணக்கை அறியாமையே. ஆகவே முதலில் தேடவேண்டிய துணை பயிற்சியாகும்.

நம் நாட்டில் கூட்டுறவு

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களின் சிக்கனக் கடனுதவிச் சங்கம் நாட்டின் முதல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுபெற்றது. பின்னர்த் தென்னிந்தியத் தொழிலாளர் வாழ்ந்த தோட்டங்களிலும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. அவற்றுள் பலவற்றின் கணக்கு தோட்ட அலுவலகத்தாரின் கையிலேயே இருந்தது. தொழிலாளர் பணம் செலுத்தினர். பேரேட்டைப் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது.

சிறுதொகை திரண்டால் எத்துணை வலிமை பெறும் என்பதற்கு நம்மிடையே ஒரு சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கினர். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் உடைமையாயிற்று. பத்து வெள்ளி சிறிது. பல்லாயிரவர் ஒழுங்காகச் செலுத்திய பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே வாங்கியது.

கணக்கறிவு ஏன் வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் உறுப்பினர் சங்கத்திடம் 1,200 வெள்ளி கடன் பெறுகிறார். மாதம் 100 வெள்ளி வீதம் 12 மாதங்களில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். வட்டி மாதம் 1 விழுக்காடு. அதுவும் எஞ்சியுள்ள கடனுக்கு மட்டுமே. முதல் மாதம் வட்டி 12 வெள்ளி, இரண்டாம் மாதம் 11 வெள்ளி, மூன்றாம் மாதம் 10 வெள்ளி என்று குறைந்து, கடைசி மாதத்தில் 1 வெள்ளியாகிறது. ஓராண்டு வட்டி 78 வெள்ளி.

அதே 1 விழுக்காட்டை முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் மாதந்தோறும் கணக்கிட்டால் வட்டி 144 வெள்ளியாகும். சொல்லும் வீதம் ஒன்றே. செலுத்தும் தொகையோ ஏறக்குறைய இருமடங்கு. உரிமமற்ற வட்டிக்காரர் மாதம் 10 விழுக்காடு கேட்பாரானால் மாத வட்டியே 120 வெள்ளி. ஓராண்டில் 1,440 வெள்ளி கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் எக்கடனையும் எளிதில் வாங்கமாட்டார்.

இனிச் சங்கத்தின் பக்கம் நின்று பார்ப்போம். 1,200 வெள்ளிக் கடனால் சங்கத்திற்கு வரும் வருவாய் 78 வெள்ளி. அக்கடன்களுள் ஒன்று தொடக்கத்திலேயே அடியோடு திரும்பாமற்போனால், அவ்விழப்பை ஈடுசெய்ய வேறு 15 கடன்களின் முழு வட்டியும் போதாது. பதினாறாவது கடனின் வட்டியும் வேண்டும். "ஒருவர்தானே கட்டவில்லை, போகட்டும்" என்று விடுவது மற்ற 16 உறுப்பினர் தந்த வட்டியை ஒருவருக்குத் தானம் செய்வதாகும்.

மறைந்திருக்கும் நிலுவை

கணக்கறியாதவர் பெரும்பாலும் தவறும் இடம் ஒன்றுண்டு. மேற்கூறிய கடனில் ஒருவர் மூன்று தவணை செலுத்திவிட்டு, அடுத்த மூன்று தவணைகளைச் செலுத்தவில்லை. நிலுவை எவ்வளவு? தவறிய தவணைகளை மட்டும் எண்ணினால் 300 வெள்ளி. சங்கம் வெளியே கொடுத்துள்ள கடன் மொத்தம் 12,000 வெள்ளி என்று கொண்டால், 300 வெள்ளி என்பது 2.5 விழுக்காடு. பெரிதாகத் தோன்றாது.

ஆனால் இடருக்குள்ளானது 300 வெள்ளி மட்டுமன்று. அவரிடம் எஞ்சியுள்ள 900 வெள்ளியும் ஐயத்திற்குரியதே. அதைக் கொண்டு கணக்கிட்டால் நிலுவை 7.5 விழுக்காடாகிறது. உலகக் கடன் சங்கப் பேரவை 'பேர்ல்ஸ்' என்னும் ஓர் அளவீட்டு முறையை வகுத்துள்ளது. முத்துகள் என்பது அப்பெயரின் பொருள். அம்முறையின்படி எஞ்சிய முழுக்கடனையே நிலுவையாகக் கொள்ள வேண்டும். அது மொத்தக் கடனில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஓராண்டுக்குட்பட்ட நிலுவைக் கடனுக்கு 35 விழுக்காடும், ஓராண்டைத் தாண்டியதற்கு முழுத்தொகையும் இழப்புக் காப்பாக ஒதுக்கப்பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 900 வெள்ளிக்கு 315 வெள்ளி ஒதுக்க வேண்டும். இதனைச் செய்யாது அத்தொகையையும் இலாபமென்று பங்கிட்டுக்கொண்டால், உறுப்பினர் தம் சேமிப்பையே இலாப ஈவாகப் பெற்று மகிழ்கின்றனர் என்பதே உண்மை.

படிப்பு முன்னே, பணம் பின்னே

கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் ஒரு காலத்தில் கடனில் மூழ்கியிருந்தனர். ஆண்டிகோனிஷ் என்னும் ஊரிலுள்ள செயிண்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928ஆம் ஆண்டில் மக்கட்கல்விக்கென ஒரு துறையை ஏற்படுத்தியது. மோசஸ் கோடி என்னும் பாதிரியார் அதன் தலைவரானார். அவர் மக்களிடம் பணம் கொண்டு செல்லவில்லை. அண்டை வீட்டார் சிறு குழுவாக ஒருவர் வீட்டில் கூடிப் படிக்கும் வழக்கத்தைத் தோற்றுவித்தார். தம் வறுமைக்குக் காரணம் யாது, கடன் சங்கம் எவ்வாறு இயங்கும் என்பவற்றை அவர்கள் முதலில் கற்றனர். பின்னரே சங்கங்களைத் தொடங்கினர். 1930ஆம் ஆண்டுகளில் அம்மாநிலமெங்கும் கடன் சங்கங்கள் பரவின. அப்பெரியாரின் பெயரால் 1959இல் நிறுவப்பட்ட பயிற்சி நிலையத்தில் ஆசிய நாட்டவர் பலரும் பயின்றுள்ளனர்.

அங்கு வீட்டுச் சமையலறையில் நடந்தது, இங்கு ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ நடக்கலாகாதா?

துணை கிடைக்கும் இடங்கள்

முதலாவது, மலேசியக் கூட்டுறவு ஆணையம். 2008ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் செயற்படத் தொடங்கிய இவ்வாணையமே சங்கங்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிடுகிறது. 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் இதுவே. புதிதாகச் சங்கம் அமைக்க விரும்புவோர் முதலில் நாடவேண்டியது தங்கள் மாநிலத்திலுள்ள இதன் அலுவலகத்தையே. வளர்ந்த சங்கங்களுக்குச் சுழல்நிதிக் கடனும் இவ்வாணையம் வழங்குகிறது.

இரண்டாவது, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசியக் கூட்டுறவுப் பயிற்சிக் கழகம். 1956ஆம் ஆண்டு கூட்டுறவுக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட இக்கழகம் நிர்வாகக் குழுவினருக்கும் உட்கணக்காய்வுக் குழுவினருக்கும் பயிற்சி அளிக்கிறது. இங்கு ஒரு செய்தியை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஒவ்வொரு சங்கமும் தன் இலாபத்தில் 2 விழுக்காட்டைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகிறது. எனவே அப்பயிற்சி யாரோ நமக்கு இடும் பிச்சையன்று. நாம் முன்னரே விலை கொடுத்த உரிமை. அதனைப் பெறாமல் இருப்பது, பணம் கட்டிய பொருளைக் கடையிலேயே விட்டு வருவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, அங்காசா எனப்படும் தேசியக் கூட்டுறவு அமைப்பு. 1971ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் தோன்றிய இவ்வமைப்பை நெடுங்காலம் வழிநடத்தியவர் பேராசிரியர் உங்கு அப்துல் அஜிஸ். நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களின் குரலாக விளங்கும் இது பயிற்சிகளும் நடத்துகிறது.

நான்காவது, அதே 1971இல் உருவான ஆசியக் கடன் சங்கங்களின் கூட்டமைப்பு. பாங்காக்கில் தலைமை அலுவலகம் கொண்ட இது, கடன் சங்க இயக்குநர்களுக்கான பாடங்களையும் சங்கத்தின் நலத்தை அளந்தறியும் முறைகளையும் வகுத்துத் தருகிறது.

பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது ஒருவரை மட்டும் அனுப்புதல் போதாது. அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரும், மலாய் மொழி நன்கறிந்த இளைஞர் அல்லது இளம்பெண் ஒருவரும் சேர்ந்து செல்வது நன்று. திரும்பியதும் இருவரும் கற்றதை உறுப்பினர் கூட்டத்தில் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். செயலாளரின் பெட்டியில் உறங்கும் பாடத்தாள்களால் சங்கம் வளராது.

தோட்டத்தில் படிப்புக்குழு

எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூடினால், மூன்று மாதங்களில் ஆறு பாடங்களைக் கற்கலாம்.

முதற்பாடம்: குடும்ப வரவு செலவு. ஒவ்வொருவரும் ஒரு மாதக் கணக்கை எழுதி வருதல்.

இரண்டாம் பாடம்: சங்கத்தின் துணைவிதிகள். உறுப்பினரின் உரிமையும் கடமையும். பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்னும் கோட்பாடு.

மூன்றாம் பாடம்: ரசீது, ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பேரேடு. தம் சேமிப்புப் புத்தகத்தைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல்.

நான்காம் பாடம்: கடன் விண்ணப்பத்தை ஆராய்தல். எதற்காகக் கடன், எவ்வாறு திருப்புவார், பிணை நிற்பவர் தம் பொறுப்பை அறிவாரா?

ஐந்தாம் பாடம்: நிலுவையைக் கணக்கிடுதல், இழப்புக் காப்பு ஒதுக்குதல்.

ஆறாம் பாடம்: ஆண்டறிக்கையைப் படித்தல். பொதுக்கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகளைத் தேர்தல்.

தவணை ஒழுங்காக வருவதற்குச் சம்பளப் பிடித்தம் சிறந்த வழியாகும். தொழிலாளர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், சிக்கனக் கடனுதவிச் சங்கத்திற்குச் சேரவேண்டிய தொகையை முதலாளி ஊதியத்திலிருந்து பிடித்துச் செலுத்த 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் வீடமைப்பு நிலங்களாகியும் போயின. தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்ற உறுப்பினரின் சேமிப்பையும் கடனையும் தொடர்ந்து பெறுவதற்குரிய ஏற்பாட்டை, அவர் புறப்படுமுன்னரே எழுதி வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

1986 தந்த பாடம்

1986ஆம் ஆண்டில், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசு நிறுத்திவைக்க நேர்ந்தது. நிர்வாகிகள் தமக்கும் தம்மைச் சார்ந்தோர்க்கும் கடன் கொடுத்ததும், நிலத்திலும் பங்குச் சந்தையிலும் பணத்தை முடக்கியதும் பின்னர் வெளியாயின. பல்லாயிரம் எளிய மக்கள் தம் சேமிப்பைப் பெற இயலாது தவித்தனர். அவை சிறு சங்கங்களல்ல. கட்டடமும் ஊழியரும் விளம்பரமும் உடையவை. இல்லாதிருந்தது ஒன்றே: உறுப்பினரின் விழிப்பு.

அதனாலேயே உட்கணக்காய்வுக் குழுவை உறவுக்கும் நட்புக்கும் தேர்ந்தெடுக்கலாகாது. தலைவர் நல்லவராயிருப்பது நம் பேறு. நல்லவரின் கணக்கையும் பார்ப்பது நம் கடமை. கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நேர்மையான பொருளாளருக்கு உறுப்பினரின் கேள்வியே பாதுகாப்பு; பழிச்சொல்லிலிருந்து அவரைக் காப்பதும் அதுவே.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் இன்று எத்தனை பேர் தவணை தவறியுள்ளனர்? அவர்களிடம் எஞ்சியுள்ள முழுக்கடன் எவ்வளவு? அது மொத்தக் கடனில் எத்தனை விழுக்காடு?

2. நம் கடன்களுக்கு வட்டி குறையும் தொகைக்குக் கணக்கிடப்படுகிறதா, முழுத்தொகைக்கா?

3. நிர்வாகக் குழுவினருள் எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்? அடுத்து யாரை அனுப்பலாம்?

4. பொருளாளர் நோயுற்றால் மறுநாளே கணக்கை எழுதவல்ல இன்னொருவர் நம்மிடம் உள்ளாரா?

இந்த நான்கு வினாக்களுக்கும் விடை கூற இயலாத சங்கம் வெளியிலிருந்து நிதியுதவி கேட்பதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. விடையறிந்த சங்கமோ, எத்துணைச் சிறிதாயினும், தன் காலில் நிற்கும். அடுத்த பொதுக்கூட்டம் வரும்வரை காத்திராமல், வரும் சம்பள வாரத்திலேயே முதற்பாடத்திற்குக் கூடுவோமாக.