இல்லத்து உணவும் அதன் பன்மையும்

வயிறு நிறைதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு. முப்பொழுதும் சோறுண்டு பசியாறும் குடும்பத்திலும் இரத்தசோகை காணப்படுவது எதனால்? உணவில் பன்மை இன்மை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

உணவின் பன்மையாவது தானியம், கிழங்கு, பருப்பு, காய், கனி, பால், முட்டை, மீன், இறைச்சி முதலிய பல இனங்களும் ஓர் இல்லத்தில் வழங்குதல். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இவற்றை 12 இனங்களாக வகுத்து, ஒரு பகலும் இரவும் இல்லத்தார் உண்டவை அவற்றுள் எத்தனை என்று எண்ணும் முறையொன்றைக் காட்டியுள்ளது. இப்பன்மையைக் கூட்டுவனவும் குறைப்பனவும் யாவை என்பதைத் தமிழ்நாட்டு இல்லங்களைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, பொருள். வறியோர் கைப்பொருள் முதற்கண் அரிசிக்கே செல்லும். வருவாய் உயர உயரப் பாலும் முட்டையும் கனியும் சேரும். இது பல நாடுகளிலும் கண்ட உண்மை.

இரண்டாவது, நிலம். புன்செயில் கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றினூடே அவரை, துவரை, தட்டைப்பயறு விதைத்தல் பழைய வழக்கம். ஒரே வயல் கூழும் தந்தது, குழம்பும் தந்தது. நீரிறைக்கும் பொறிகள் பெருகியபின் கரும்பும் பருத்தியும் அவ்விடத்தைக் கொண்ட ஊர்களில் காசு மிகுந்தது. ஆயினும் வயலிலிருந்து வந்த பயறு கடையிலிருந்து வரவேண்டியதாயிற்று.

மூன்றாவது, சந்தை. நாள்தோறும் கடை கூடும் ஊரில் அக்குறை நிரம்பும். வாரச்சந்தையையே நம்பிய ஊரிலோ, வாங்கிய கீரை மறுநாளே வாடிவிடும்.

நான்காவது, அரசின் துணை. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அது பசியை நீக்கிய பேரறம். எனினும் அரிசி ஓர் இனமே. பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்ந்ததும், பருப்பும் எண்ணெயும் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் பன்மைக்குத் துணைபுரிவன.

ஐந்தாவது, இல்லாளின் கல்வியும், பொழுதும், பொருள்மேல் அவட்குள்ள உரிமையும். நாளெல்லாம் களைபறித்து அந்தியில் மீளும் தாய்க்குக் கீரை ஆய்ந்து சமைக்கப் பொழுது ஏது?

இனி, இல்லத்துக் கணக்கு ஒன்றை மறைத்துவிடும் என்பதையும் உணர்தல் வேண்டும். அடுப்பில் ஐந்து இனம் வெந்திருப்பினும், அனைவர்க்கும் பரிமாறிய பின்னர் உண்பவள் கலத்தில் சோறும் சாறுமே எஞ்சுதல் உண்டு. இதனாலன்றோ 2016-ஆம் ஆண்டில் பெண்டிர்க்கெனத் தனி அளவை வெளியிடப்பட்டது. 10 இனங்களுள் 5 இனமேனும் ஒரு நாளில் அவர்கள் உண்டனரா என்பதே அதன் வினா. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுடையர்.

ஆதலின், விடுமுறைக்கு இல்லம் செல்லும் நாம், பானையில் வெந்தவற்றை மட்டும் எண்ணாது, ஈற்றில் உண்பார் கலத்தில் உள்ளவற்றையும் எண்ணிப் பார்ப்போமாக.