நன்கொடை குறையும்போது

கேள்வி: மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். பணம் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி. தொழில் மந்தம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் அறங்காவலர், திண்டுக்கல்

பதில்: சட்டப்படி சி.எஸ்.ஆர். தொகை, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம். ஆகவே மந்தத்தின் அடி தாமதமாக விழும்; லாபம் திரும்பிய பிறகும் நீடிக்கும். அந்த அவகாசத்தில் ஆறு மாதச் சம்பளத்துக்காவது கையிருப்பு சேருங்கள். மாதம் நூறு, இருநூறு தரும் உள்ளூர்க்காரர்களைத் திரட்டுங்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே இலவச சிகிச்சையைப் பெரும்பாலும் தாங்கியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் நீங்களும் கட்டணம் வாங்கலாம். அதில் வரிச் சிக்கல் வருமா என்று முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். செலவைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் மையங்களைக் குறையுங்கள். ஆசிரியர் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.