பதிவுக்கும் தாலிக்கும் இடையில்

கேள்வி: பல ஆண்டுகள் பழகிய ஓர் ஆணும் பெண்ணும் தேசியப் பதிவு இலாகாவில் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டனர். எட்டு மாதம் கழித்துக் கோயிலில் தாலி கட்டுவதென இரு வீட்டாரும் பேசி முடித்திருந்த நிலையில், இடையிலேயே பிணக்கு முற்றிவிட்டது. “தாலிதான் ஏறவில்லையே, ரெஜிஸ்டரை ரத்து செய்துவிட்டால் போயிற்று” என்கின்றனர் மாப்பிள்ளை வீட்டார். அது முடியுமா? நன்றாகப் பழகியவர்கள் இந்தச் சில மாதங்களில் ஏன் இப்படிக் கசந்துபோகின்றனர்?
– வாசகி, கிள்ளான்

பதில்: முடியாது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, பதிவாளர் முன்னிலையில் இருவரும் சம்மதம் தெரிவித்து, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்ட நொடியிலேயே அவர்கள் கணவன் மனைவி ஆகிவிடுகின்றனர். சமூகம் அதைச் சற்றுக் கெட்டியான நிச்சயதார்த்தமாகவே கருதினாலும், சட்டத்தின் கண்ணில் அதுவே முழுத் திருமணம்; பின்னர் நடக்கும் தாலிச் சடங்கு அதனோடு சட்டப்படி எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே பதிவு செல்லுபடியாக இருக்கும்போது இருவரில் ஒருவர் வேறொருவரைக் கோயிலில் மணந்தாலும், அது தண்டனைச் சட்டம் 494ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும். ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகள் இன்றிப் பெற்றோர் மட்டும் இருந்தால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, ஒரு நாளும் சேர்ந்து வாழாத துணைக்கும் சொத்தில் பாதி போய்ச் சேரும்.

பிரிய வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். இருவரும் ஒத்துப்போய்க் கூட்டாக மனுச் செய்வது எளிய வழி என்றாலும், பதிவு செய்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் கழிந்த பிறகே அது இயலும். ஒருவர் மட்டும் மணமுறிவு கோரினால், பொதுவாக அதற்கும் அதே 2 ஆண்டுத் தடை உண்டு. விதிவிலக்கான சூழல்களில் தவிர, முதலில் சமரசக் குழுவின் முன் சென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றையும் பெற்றாக வேண்டும். மூன்றாவது வழி, திருமணத்தையே இல்லாததாக்கும் ஆணையைக் கோருவதாகும். எதிர்த்தரப்பு வேண்டுமென்றே இல்லற உறவுக்கு மறுத்ததால் திருமணம் நிறைவு பெறவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. சமயச் சடங்கு முடிந்த பிறகே இல்லறம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்க, ஒருவர் நியாயமான காரணமின்றி அச்சடங்கை நடத்த மறுத்தால், அம்மறுப்பே இல்லற உறவுக்கான மறுப்பாகும் என்று 1970களின் தொடக்கத்தில் ஒரு சீக்கியத் தம்பதியின் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும், 1990களில் ஒரு சீனத் தம்பதியின் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளன. இத்தீர்ப்புகள் மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், எடுத்துக்காட்டி வாதிடத் தக்கவை. ஆனால் இருவருமே சேர்ந்து சடங்கைக் கைவிட்டிருந்தால் அங்கே ‘மறுப்பு’ என்று சொல்ல ஏதுமில்லை. பதிவுக்குப் பின் இல்லற உறவு ஏற்பட்டிருந்தால் இந்த வாசலே அடைபட்டுவிடும். இந்தச் செய்தியை வழக்கறிஞரிடம் சொல்லக் கூசுவோர் உண்டு. மறைத்து நடத்தும் வழக்கு நிற்காது.

கசப்பு ஏன் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. வீட்டுக் கடனை இருவர் பெயரிலும் எடுக்க வேண்டும், நல்ல மாதம் தள்ளிப் போகிறது, விரும்பிய மண்டபம் கிடைக்கவில்லை, சேர்ந்து வெளியே போனால் நாலு பேர் பேசுவார்கள் என்பன போன்ற காரணங்களுக்காகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் பதிவு முந்திக்கொள்கிறது. இக்காரணங்களில் எதிலும் குற்றமில்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் தாங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதை யாரும் பேசி வைப்பதில்லை. ஒருவர் தம்மைக் கணவராகக் கருதி, மனைவியின் சம்பளத்திலும் வார இறுதியிலும் தமக்கு உரிமை இருப்பதாக எண்ண, மற்றவரோ பெற்றோர் வீட்டில் இன்னும் மகளாகவே இருந்துகொண்டு, நிச்சயமான பெண்ணுக்குரிய சலுகையை எதிர்பார்க்கிறார். ஷா ஆலமில் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் சாவி வந்துவிட்டது, குடியேற ஆள் இல்லை, தவணை மட்டும் மாதந்தோறும் கழிகிறது என்றால், அதில் பாதியை யார் கட்டுவது என்பது இரவு பதினோரு மணி வாட்சாப் செய்தியில் ஒரு சண்டையாகவே வெடிக்கும். ஜாலான் தெங்கு கிளானாவில் கூறைப்புடவை எடுக்கப் போன இடத்தில் மாமியார் ஒரு நிறத்தைச் சொல்ல, பெண் வேறொன்றைக் காட்ட, மாப்பிள்ளை தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால், அன்று புண்படுவது புடவையின் நிறத்தால் அன்று, யார் பக்கம் நிற்கப்போகிறார் என்ற ஐயத்தால்தான். மண்டபம், விருந்தினர் பட்டியல், சாப்பாடு என்று எதைச் சொல்லிச் சண்டை நடந்தாலும், பெரும்பாலும் உள்ளே கிடப்பது இந்த ஐயமே.

எனவே பிரிவை முடிவு செய்யுமுன், பிணக்கு ஏற்பாடுகளைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஏற்பாடுகள்தாம் காரணம் என்றால், சடங்கை மூன்று மாதம் தள்ளிவைப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. முன்பணம் போனாலும் போகட்டும். பொய், வேறு தொடர்பு, கை நீட்டுதல் போன்றவை காரணம் என்றால், தாலி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சை ஏற்க வேண்டியதில்லை. கை நீட்டுதல் இருந்தால், பதிவு செய்த மனைவி என்ற முறையிலேயே 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அப்பெண்ணுக்கு உண்டு.

கேள்வி: பதிவையும் தாலியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முடியும், முடிந்தவரை அதுவே நல்லது. சமய அமைப்புகளைச் சேர்ந்தோரைத் துணைப் பதிவாளர்களாக நியமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கோலாலம்பூரின் தியான் ஹௌ சீனக் கோயிலில் பல ஜோடிகள் பதிவுக்காகவே வந்து போவதைக் காணலாம். இந்துக் கோயில்களிலும் இவ்வாறு நியமனம் பெற்றோர் உள்ளனர். தேதி குறிக்குமுன் கோயில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தை மட்டும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்பட்ட பிறகே சான்று கிடைக்கும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், ஜோதிடர் குறித்துத் தரும் நாள் அந்தக் கெடுவுக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது உசிதம்.